ஆட்ட மேசையிலிருந்து கதைக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பாத்திரமேற்பு ஆட்டம் நடக்கிறது. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, அவர் என்ன செய்கிறார் என்பதை வாயால் சொல்வார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பரவலாக்கிய வடிவம் இது. சென்ற மாதம் சிறுகதை எழுதும் மூன்று இளைஞர்கள் எங்களோடு சேர்ந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைக் கண்டபோது இதை எழுதத் தோன்றியது. விதிகளைப் படிக்காமல் வருவது, அடுத்தவர் பேச்சில் குறுக்கிடுவது ஆகியவற்றை அவர்களே இரண்டு வாரங்களில் திருத்திக்கொள்வார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

சொந்த நாவலின் நாயகனோடு வருவது

எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் நாயகனை மேசைக்குக் கொண்டுவருபவர், அவன் தோற்பதைப் பொறுக்கமாட்டார். ஒவ்வொரு பகடைக்கும் வாதாடுவார். அதற்குப் பதிலாக, உங்களுக்கே பிடிபடாத ஒருவரை, நாவலில் இரண்டு பக்கம் மட்டும் வந்துபோகும் கணக்குப்பிள்ளையை, ஏற்றுப் பாருங்கள். மூன்று மணி நேரம் அவராக இருந்து முடிவுகள் எடுத்தபின், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பது தெரிந்துவிடும்.

நடந்ததை அப்படியே எழுதிக் கதை என்று நம்புவது

இந்தத் தவறுக்கு நான் இரண்டு ஆண்டுகளைக் கொடுத்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கிய 1899ஐ ஒட்டிய காலத்தில் எங்கள் ஆட்டம் நடந்தது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து, ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி நின்றுவிடுகிறது. பயணிகள் இரவைக் கழிக்க வேண்டும். அங்கே தொடங்கி 26 அமர்வுகள் ஆடினோம். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து வைத்து, ஏறத்தாழ 400 பக்கம் வரும் நாவலாக எழுதினேன். படித்த மூத்த நண்பர், “நான்கு பேர் நடக்கிறார்கள், எதையோ கண்டுபிடிக்கிறார்கள், தப்பிக்கிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். இவர்களில் யாருக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயம்.

மேசையில் இருப்பவருக்குத் தன் கதைமாந்தர் மீது உரிமை உண்டு; பகடை உருண்டு நிற்கும்வரை அவர் மூச்சு நிற்கும். வாசகர் பகடையை எறியவில்லை. எனவே மேசையில் எல்லோரையும் எழுந்து நிற்கவைத்த திருப்பம், தாளில் காரணமற்ற தற்செயலாகத்தான் அவருக்குத் தெரியும்.

நான் தவறவிட்டது ஒரு கேள்வியை. அந்த நிலையத்தில் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல். மருந்தோ ஒருவருக்குத்தான் போதும். கம்பவுண்டராக ஆடிய நண்பர் இருபது முகப் பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வெகுநேரம் எறியாமல் இருந்தார். பிறகு மெல்லிய குரலில், “நான் பெட்டியைத் திறப்பதை அந்தக் கிழவி பார்க்கிறாளா?” என்று கேட்டார். என் நோட்டில் இருந்ததோ இவ்வளவுதான்: ‘கம்பவுண்டர் மருந்து கொடுத்தார். 14. குழந்தை பிழைத்தது.’ எவருக்குக் கொடுப்பது என்பதைவிட, கொடுப்பதை யார் பார்க்கிறார்கள் என்பதற்கு அஞ்சும் ஒரு மனிதரை அவர் என் கண்முன் வைத்திருந்தார். நான் எண்ணைக் குறித்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வி நினைவுக்கு வந்து, அதிலிருந்து ஒன்பது பக்கக் கதை ஒன்றை எழுத முடிந்தது. அந்த 400 பக்கங்களில் மிஞ்சியது அது ஒன்றே.

ஆகவே, அமர்வு முடிந்த இரவே, தூங்குமுன், அரைப் பக்கம் எழுதுங்கள். என்ன நடந்தது என்பது வேண்டாம். யார் எங்கே தயங்கினார், முடிவெடுக்குமுன் என்ன கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்பவை போதும். புதிதாக வந்தவர்களில் ஒருவர் மூன்று மணி நேரத்தையும் கைப்பேசியில் பதிவுசெய்து 22 பக்கங்களாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். அவர் தோழி தொங்குபாலத்தின் கயிற்றை அறுக்க மனமின்றித் தவித்த நேரம் அதில் ஒரு வரியாகக்கூட இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

பகடை தோற்றால் காட்சி முடிந்தது என்று எண்ணுவது

2010இல் வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்தில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை எறிந்து கூட்டுவார்கள். 10ம் அதற்கு மேலும் விழுந்தால் முழு வெற்றி. 6ம் அதற்குக் கீழும் விழுந்தால் சிக்கல். 7 முதல் 9 வரை விழுந்தால் நினைத்தது நடக்கும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். கதைமாந்தரின் திறனுக்காகச் சேர்க்கும் கூட்டல் கழித்தல் எதுவுமின்றி எறிந்தால், 36 வாய்ப்புகளில் 15 இந்த நடுவகைக்கு உரியவை. முழு வெற்றிக்கு 6 மட்டுமே. கதை தேங்கும் இடத்தில் இதைப் பயன்படுத்திப் பாருங்கள்: கதவு திறக்கட்டும், அதைத் திறந்தவரின் கைவிளக்கு அணையட்டும்.

முடிவை எழுதிவைத்துக்கொண்டு ஆட்டம் நடத்துவது

கூடாது.

நண்பர் படைத்த கதைமாந்தரை எடுத்தாள்வது

கேட்டுவிட்டு எடுங்கள்.

காதை மூடிக்கொள்வது

தன் முறைக்கு என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருப்பவர், அடுத்தவர் வாயில் வரும் தமிழைக் கேட்பதில்லை. எங்கள் மேசையில் கூடலூர்க்காரர் ஒருவரும், வீட்டில் படுகு பேசும் ஒருவரும், மதுரையிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரும் உண்டு. தொடக்கத்தில் மூவரும் நாடக வசனம் போலப் பேசுவார்கள். ஆபத்து நெருங்க நெருங்க அந்தத் தமிழ் உதிர்ந்து, அவரவர் வீட்டுப் பேச்சு வெளியே வரும். மண்சரிவு இரவில், அதுவரை “பயணிகளே, அமைதி காக்கவும்” என்று முழங்கிக்கொண்டிருந்த நிலைய அதிகாரி, மேலே பாறை நகரும் ஓசை கேட்டதாக ஆட்டத்தை நடத்துபவர் சொன்னவுடன், “ஏலேய், புள்ளைகளத் தூக்குங்கடா!” என்றார். பிறகு நான் எழுதிய நிலைய அதிகாரிக்கு அந்த ஒரு வரியிலிருந்துதான் குரல் கிடைத்தது.