சந்தைப்படுத்தலில் லீன் சிந்தனையைக் கையாள்வது எப்படி?

லீன் (Lean) சிந்தனை என்பது விரயத்தைக் குறைத்து, வாடிக்கையாளருக்கு மதிப்பு தரும் வேலையில் கவனம் வைக்கும் அணுகுமுறை. அதற்கு அடிப்படையான, டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறியாளர் தாய்ச்சி ஓனோ வகுத்த உற்பத்தி முறை, வாடிக்கையாளருக்குப் பயன் சேர்க்காத வேலையை விரயம் என்று கருதி, அதை 7 வகைகளாகப் பிரித்தது. அந்த அளவுகோல் சந்தைப்படுத்தலுக்கும் பொருந்தும்; ஆனால் விரயத்தைத் தேடுவதற்கு முன்பு, எது மதிப்பு என்பதை வாடிக்கையாளரிடமே கேட்டறிய வேண்டும்.

அண்மையில் வாங்கிய சிலரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "எங்கள் பொருள் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் மரியாதைக்கான பதிலே கிடைக்கும். வாங்குவதற்கு முன்பு அந்த வேலையை எப்படிச் சமாளித்தார்கள், இனி இது சரிப்படாது என்று எப்போது முடிவெடுத்தார்கள், எதனால் தயங்கினார்கள் என்று கேளுங்கள். கணக்கு மென்பொருள் விற்பவர் வசதிகளை நீளமாகப் பட்டியலிட்டிருப்பார். வாங்கியவரோ, மாதக் கடைசியில் இரவு கண்விழிக்க வேண்டாம் என்பதற்காகவே வாங்கியிருப்பார். அவருடைய சொற்களை அப்படியே குறித்துவையுங்கள். விளம்பர வாசகத்துக்கு அவற்றைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது. வாங்காமல் விலகியவர்களிடமும் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, ஒரே ஒரு விளம்பர மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு, அது யோசனையாகத் தோன்றியது முதல் வாடிக்கையாளரைச் சென்றடைந்தது வரையிலான ஒவ்வொரு படியையும் தாளில் வரையுங்கள். வேலை நடந்த நேரத்தை ஒரு நிறத்திலும், ஒப்புதலுக்காகக் காத்திருந்த நேரத்தை வேறு நிறத்திலும் காட்டினால், எந்தப் படியை நீக்கலாம் என்பது தெளிவாகும். யாரும் படிக்காத அறிக்கைகளும், விற்பனைப் பிரிவு பயன்படுத்தாத தொடர்புப் பட்டியல்களும் விரயமே.

மாற்றங்களை முதலில் ஒரு சிறு குழுவிடம் சோதியுங்கள். எந்த முடிவு வந்தால் கைவிடுவது என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுதிவையுங்கள்.