மென்பவள முட்டையின் வேதிப்பொருள்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பவளத்தின் (கல்போன்ற கடினக் கூடு இல்லாத பவளம்) முட்டைக்குள் விந்தணுவைத் தன்பக்கம் இழுக்கும் பொருள் இருக்கிறது. அதைத் தேடி ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மென்பவளத்தைக் கையில் எடுத்ததும் அரைக்கத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். குப்பியில் பெயர் எழுத மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை திட்டு வாங்கினால் அது சரியாகிவிடும்.

காலனியை முழுதாக அரைப்பது

ஒரு காலனி என்பது பாலிப் எனும் குட்டி உயிர்கள் பல ஒட்டி வாழும் கூட்டம். மென்பவளத்தின் உடலெங்கும் டைட்டர்பீன்கள் எனும் ஒருவகைக் கரிமச் சேர்மங்கள்தான். பெரும்பாலும் மீன் கடிக்காமல் இருக்கவும், பக்கத்துப் பவளம் நெருங்காமல் இருக்கவும். விந்தணுவை அழைக்கும் பொருள் இருப்பதோ முட்டைக்குள். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் அது கடலில் கரைத்த பெருங்காயம். லோபோஃபைட்டம் கிராசம் என்ற மென்பவளத்தின் முட்டையில் எபி-துன்பெர்கால் என்ற டைட்டர்பீன்தான் விந்தணுவை ஈர்க்கிறது என்று 1995இல் காட்டியவர்கள், முட்டையைத் தனியே ஆராய்ந்தவர்கள்.

நான் ஒரு பருவத்தின் மாதிரிகள் அத்தனையையும் அரைத்தேன். கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்தெடுக்க வாரக்கணக்கில் குரோமடோகிராபி. கிடைத்ததெல்லாம் முன்பே தெரிந்த தற்காப்புப் பொருள்கள். அப்புறம்தான் மிச்சம் வைத்த துண்டுகளை வெட்டிப் பார்த்தேன்: பாதிக்கு மேல் ஆண்! இந்த வகைகளில் ஆண், பெண் தனித்தனிக் காலனி. முதிர்ந்த முட்டை வெறும் கண்ணுக்கே தெரியும். ஐந்து நிமிட வேலையைச் செய்யாததால், பவளங்கள் முட்டையை வெளியிடும், முழுநிலவை ஒட்டிய அந்தச் சில இரவுகளுக்காக இன்னொரு வருடம் காத்திருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

பெண் என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. முட்டை முதிரவே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும் இனங்கள் உண்டு. இந்த வருட முட்டையும் அடுத்த வருட முட்டையும் ஒரே பாலிப்பில் இருக்கும். பெரியதைத் தனியே பொறுக்குங்கள். முட்டை நீங்கிய திசுவுக்கும் தனியாகச் சாறு எடுத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். முட்டையில் மட்டும் இருப்பதைத்தான் முதலில் துரத்த வேண்டும்.

ஒரு இனத்தின் முடிவை எல்லாவற்றுக்கும் ஒட்டுவது

மான்டிபோரா டிஜிட்டாட்டா என்ற கடினப் பவளத்தின் முட்டையிலும் ஈர்க்கும் பொருள் உண்டு. ஆனால் அது டைட்டர்பீனே இல்லை, கொழுப்பு ஆல்கஹால். அதே கடல், அதே வேலை, வேறு மூலக்கூறு.

கரைப்பானைத் தனியாகச் சோதிக்காதது

விந்தணு கூடியது உங்கள் பொருளைத் தேடியா, அதைக் கரைத்து வைத்த கரைப்பானைத் தேடியா? வெறும் கரைப்பானையும் வைத்துப் பார்க்காமல் ‘ஈர்ப்புப் பொருள்’ என்று எழுதாதீர்கள்.

பிளாஸ்டிக்

மாதிரிக்கும் சாறுக்கும் கண்ணாடிப் பாத்திரம் மட்டும். பிளாஸ்டிக் பையிலிருந்து கசிந்த தாலேட்டை (பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் பொருள்)ப் ‘புதிய பொருள்’ என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.