பறித்ததையெல்லாம் ஒரே மாதிரி அடைக்காதீர்கள்

தோட்டம் ஒரேயடியாகக் கொட்டிக் கொடுக்கும்போது, தக்காளி, பீன்ஸ், பட்டாணி எல்லாவற்றையும் ஒரே பக்குவத்தில் பாட்டிலில் அடைத்துவிடத் தோன்றும். இருப்பதிலேயே ஆபத்தான தவறு அதுதான். எதை எப்படி அடைக்கலாம் என்பதை அதன் புளிப்புதான் முடிவு செய்கிறது.

புளிப்பை அளக்கும் எண்தான் பிஎச்; அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 4.6-க்குக் கீழே உள்ள பழங்களை ஜாடியில் இட்டுக் கொதிநீரில் மூழ்கவைத்து, உரிய நேரம் சூடாக்கினால் போதும். பீன்ஸ், பட்டாணி, கேரட், சோளத்துக்கு அது பத்தாது. மண்ணிலிருந்து ஒட்டிவரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள், 100 டிகிரி செல்சியஸ் கொதியிலும் சாகாமல் கிடக்கும். மூடிய ஜாடிக்குள் காற்றும் இல்லை, புளிப்பும் இல்லை. முளைத்து நஞ்சு கக்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அவற்றை ஒழிக்க சுமார் 116 முதல் 121 டிகிரி தேவை. அழுத்தம் கொடுத்தால்தான் அந்தச் சூடு வரும். அன்றாடம் சமைக்கும் குக்கர் இதற்குச் சரிப்படாது. இதற்கென்றே செய்த பிரஷர் கேனரும், பரிசோதித்த நேர அட்டவணையும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பேசாமல் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். "முகர்ந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்ற பேச்சே இங்கே எடுபடாது. நஞ்சு இருந்தும் வாசனையும் ருசியும் மாறாமல் இருக்கலாம்.

தக்காளி ரெண்டுங்கெட்டான். சில ரகங்கள் அந்த 4.6-ஐத் தாண்டிவிடும். அதனால் சுமார் ஒரு லிட்டர் ஜாடிக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கட்டாயம். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும் என்பதால், கடையில் பாட்டிலில் விற்கும் சாறே நம்பகமானது. புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரை சேருங்கள், சாற்றைக் குறைக்காதீர்கள். எண்ணெயில் பூண்டைப் போட்டு வெளியில் வைப்பதும் இதே ரக விபரீதம்தான்.

ஃப்ரீசரில் உயிர் போகாது, ருசி போகும். காய்க்குள்ளேயே இருந்து ருசியைக் கெடுக்கும் என்சைம்களைக் குளிர் மந்தமாக்குமே தவிர நிறுத்தாது. பீன்ஸைக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவிட வேண்டும். அவசரத்தில் ஒரு நிமிடத்தில் எடுத்தால், போடாமலே விட்டதைவிட மோசம்: அரைச்சூடு என்சைமைத் தூண்டிவிடும். பிறகு ஈரம் துடைத்து, தட்டில் பரப்பி உறைய வைத்துப் பையில் போட்டால் கட்டியாக ஒட்டாது.

உலர்த்தும்போது சூட்டைக் கூட்டி வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். மேல்புறம் ஓடு மாதிரி இறுகி, உள்ளே ஈரம் தங்கிப் பிற்பாடு பூஞ்சணம் பூக்கும். காய்ந்த பழத்துண்டுகளை ஜாடியில் முக்கால்வாசிக்கும் குறைவாக நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியில் நீர் வியர்த்தால் மறுபடி உலர்த்த வேண்டியதுதான்.

அடிபட்டதையும் அழுகத் தொடங்கியதையும் "இதுக்கு ஆகும்" என்று பதப்படுத்த ஒதுக்கி வைக்கும் பழக்கம் வேண்டாம். லேசாக அடிபட்டதை அன்றைய சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அழுகியதை உரக்குழியில் போடுங்கள்.