ஸ்ரீநகரில் மழை, குல்மார்க்கில் பனி: காஷ்மீர் குளிர்கால வானிலையை நீங்களே கணிப்பது எப்படி?

டிசம்பர், ஜனவரியில் காஷ்மீருக்கு டிக்கெட் போட்டவர்கள் முதலில் செய்வது, போனை எடுத்து 'ஸ்ரீநகர் வெதர்' என்று தட்டிப் பார்ப்பது. ஒரு மேகப் படம் வரும், பக்கத்தில் ஒரு டிகிரி. அதை நம்பி குல்மார்க்குக்கு வண்டி பேசாதீர்கள். மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில், சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஸ்ரீநகர். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். அங்கிருந்து கொண்டோலா என்ற கேபிள் காரில் இரண்டு கட்டமும் ஏறினால் அஃபர்வத் மலைப் பக்கம் ஏறத்தாழ 3,950 மீட்டர். ஒரே நாளில், ஒரே மேகத்துக்குக் கீழே, மூன்று இடத்திலும் மூன்று விதமான வானிலை இருக்கும், போன் காட்டுவதோ அதில் ஒன்றைத்தான்.

இதைக் கணிக்க வானிலைப் படிப்பெல்லாம் தேவையில்லை. வின்டி ஆப் ஒன்று, இந்திய வானிலை ஆய்வு மையத்தின் ஸ்ரீநகர் அறிக்கை ஒன்று, இரண்டும் இலவசம். தினமும் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

படி 1: மேற்கே பாருங்கள்

நமக்கு மழை என்றாலே வங்கக்கடல்தான் ஞாபகம் வரும். காஷ்மீர் குளிர்காலத்துக்கு வங்கக்கடலால் பெரிய பிரயோஜனம் இல்லை. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் மேற்கத்திய இடையூறுகள்தான் அங்கே மழையையும் பனியையும் கொண்டுவருகின்றன.

வின்டியில் காற்று லேயரைத் தேர்ந்தெடுத்து, உயரத்தை 500 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அளவு), அதாவது சுமார் 5,500 மீட்டருக்கு ஏற்றுங்கள். வரைபடத்தைக் கொஞ்சம் சுருக்கி ஈரானிலிருந்து லடாக் வரை ஒரே திரையில் தெரியும்படி வையுங்கள். காற்றுக் கோடுகள் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டிருக்கும். எங்கேயாவது அந்தக் கோடுகள் தெற்கே தொங்கி, வளைந்து, மறுபடி வடகிழக்காக ஏறினால் அதுதான் நீங்கள் தேடும் இடையூறு. இப்போது கீழே தேதியை நகர்த்துங்கள். அந்தத் தொங்கல் ஆப்கானிஸ்தான் மேல் வந்து, காஷ்மீர் அதன் ஏறுமுகப் பக்கத்தில் இருக்கும் நேரம்தான் மேகம் கொட்டும் நேரம். அது காஷ்மீரைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டால் வானம் வெளுத்துவிடும்.

எவ்வளவு ஆழமாகத் தொங்குகிறது என்பதையும் கவனியுங்கள். அரபிக்கடலின் வடபகுதி வரை இறங்கினால் அங்கிருந்தும் ஈரத்தை இழுத்துவந்து கொட்டித் தள்ளும். வடக்கே லேசாக உரசிக்கொண்டு போனால் ஸ்ரீநகரில் மூட்டம், உயர்ந்த மலைகளில் நாலு தூறல் பனி, அவ்வளவுதான். தொங்கலே இல்லையென்றால் பனியும் இல்லை. டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாளை அங்கே சில்லை கலான் என்பார்கள், கடுங்குளிர்க் காலம். அந்த நாட்களில் பனி நிச்சயம் என்று பயண ஏஜென்டுகள் சொல்வதுண்டு. ஆனால் 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மார்க் சரிவுகள் பழுப்பாகக் கிடந்தன. குளிருக்கு வேண்டுமானால் உத்தரவாதம் தரலாம், பனிப்பொழிவுக்கு முடியாது.

படி 2: உறைநிலை உயரத்தை எடுத்து ஊர்களோடு பொருத்துங்கள்

மழையா பனியா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு எண்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். வின்டி லேயர் பட்டியலில் உறைநிலை உயரம் என்று ஒன்று உண்டு. காற்றின் வெப்பநிலை எந்த உயரத்தில் பூஜ்ஜியம் டிகிரியைத் தொடுகிறது என்று அது காட்டும். மேகத்திலிருந்து விழும் பனித்துகள் அந்தக் கோட்டைத் தாண்டியதுமே உருகிவிடாது, உருகக் கொஞ்சம் தூரம் வேண்டும். ஆகவே உறைநிலை உயரத்திலிருந்து 200 முதல் 300 மீட்டர் கழித்தால் பனி எதுவரை இறங்கும் என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மதியம் உறைநிலை உயரம் 2,400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 250 கழித்தால் 2,150. ஸ்ரீநகரில் மழை. குல்மார்க் மலையடிவாரத்தில் இருக்கும் தங்மார்க் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கிறது, அதனால் அங்கே மழையும் பனியும் கலந்த சேறு. குல்மார்க்கில் சுத்தமான பனி. அன்று இரவு அதே எண் 1,800க்கு இறங்குகிறது என்றால் கழித்து வருவது 1,550. இப்போது ஸ்ரீநகரிலேயே பனி விழும், ஆனால் ஈரப் பனி, ஜாக்கெட்டில் பட்டதும் தண்ணீராகிவிடும் ரகம்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பலமாகக் கொட்டும்போது, உருகும் பனியே சுற்றியிருக்கும் காற்றைக் குளிர்வித்து, பனிக்கோட்டை இன்னும் கீழே இழுத்துவிடும். ஸ்ரீநகரில் மழையாக ஆரம்பித்து, மழை வலுத்ததும் பனியாக மாறுவது இதனால்தான். தூறலுக்கு இது நடக்காது. எல்லைக்கோட்டில் இருக்கும் நாட்களில் எவ்வளவு கொட்டப்போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் தண்ணீருக்குப் பத்து சென்டிமீட்டர் பனி என்பது பொதுக் கணக்கு. ஸ்ரீநகரின் ஈரப் பனி அதைவிடக் குறைவாகத்தான் தேறும், அஃபர்வத்தின் காய்ந்த பொடிப் பனி அதிகமாகவே நிற்கும்.

ஆப் காட்டும் குல்மார்க் வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆப்பில் வரும் கணிப்புக்குப் பின்னால் இருக்கும் கணினி மாடல்களில் ஒன்றான ஐரோப்பிய மாடல் பூமியைச் சுமார் ஒன்பது கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறது. அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் மலையும் பள்ளமும் சராசரியாகி ஒரே மேடாகிவிடும், தங்மார்க்கும் குல்மார்க்கும் ஒரே சதுரத்தில் விழுந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் மேகமூட்டமான நாட்களில் நீங்களே கணக்கிடுவது நல்லது: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். ஸ்ரீநகரில் மழையோடு 4 டிகிரி என்றால் குல்மார்க்கில் மைனஸ் 3 பக்கம் இருக்கும்.

படி 3: 3,000 மீட்டரில் காற்று எந்தப் பக்கமிருந்து?

உயரத்தை 700 ஹெக்டோபாஸ்கலுக்கு இறக்குங்கள், அது சுமார் 3,000 மீட்டர். பள்ளத்தாக்கின் தென்மேற்குச் சுவர்தான் பீர் பஞ்சால் மலைத்தொடர், குல்மார்க் அதன் மடியில் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தச் சுவரில் மோதி ஏறும்போது அங்கேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது, மிச்சம்தான் ஸ்ரீநகருக்கு. அதனால்தான் குல்மார்க்கில் முழங்கால் அளவு விழுந்த அன்றும் தால் ஏரிக்கரையில் சாலை வெறும் ஈரமாக மட்டும் இருக்கும். இங்கே காற்று பலமாகத் தெரிந்தால் கொண்டோலாவின் இரண்டாம் கட்டத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், காற்றடித்தால் முதலில் நிற்பது அதுதான்.

படி 4: இரவுக்குக் கணக்கைத் தலைகீழாக்குங்கள்

மேலே போகப் போகக் குளிர் என்ற விதி, மேகமில்லாத, காற்றில்லாத இரவில் செல்லாது. அப்படிப்பட்ட இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடும். 2024 டிசம்பர் 21 அதிகாலையில் ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி பதிவானது, 1974க்குப் பிறகு டிசம்பரில் அவ்வளவு குளிர்ந்த இரவு அங்கே வந்ததில்லை. ஸ்ரீநகரைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் குல்மார்க்கில் அன்று அதைவிடக் குளிர் குறைவு. குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும், தால் ஏரியின் ஓரத்தில் படியும் பனிக்கட்டியைத் துடுப்பால் உடைத்துக்கொண்டுதான் ஷிகாராக்காரர் படகை நகர்த்துவார்.

எனவே இரவு எப்படி என்று பார்க்க மேக லேயரைத் திறங்கள். மூட்டம் இருந்தால் பள்ளத்தாக்கில் இரவு சுமாரான குளிர், அடுத்து இடையூறு வருகிறது என்று அர்த்தம். இடையூறு கடந்து வானம் திறந்துகொண்ட முதல் இரவுதான் கடுங்குளிர். மழையோ பனியோ பெய்து தரை ஈரமாக இருந்தால் விடியும்போது மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். அந்த மறுநாள் காலை ஏழு மணி விமானத்தை விட மதிய விமானம் பாதுகாப்பு.

படி 5: அரசு அறிக்கையோடு ஒப்பிடுங்கள்

வின்டியிலேயே ஐரோப்பிய மாடலையும் அமெரிக்க மாடலையும் அருகருகே பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் சரி, ஒரு நாள் முன்பின்னாகக் காட்டினால் அந்த இரண்டு நாளையும் கணக்கில் வையுங்கள். ஐந்து நாளுக்கு மேல் எந்த ஆப் சென்டிமீட்டர் கணக்கில் பனி சொன்னாலும் நான் கண்டுகொள்வதில்லை.

அப்புறம் வானிலை ஆய்வு மைய அறிக்கை. நம்மூர் செய்தியில் கேட்கும் 'ஓரிரு இடங்களில்' கதைதான் அங்கேயும். ஓரிரு இடங்கள் என்றால் வானிலை நிலையங்களில் கால்வாசி வரை, பெரும்பாலான இடங்கள் என்றால் முக்கால்வாசிக்கு மேல். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் கிளம்பாதீர்கள். 'கடந்த 24 மணி நேரப் பனி' என்பது காலை எட்டரை மணியோடு முடியும் கணக்கு.

படி 6: சாலையும் பனிச்சரிவும்

ஜம்முவிலிருந்து சாலையில் வருபவர்கள் பனியை மட்டும் பார்க்கிறார்கள். காசிகுண்ட்–பனிஹால் சுரங்கப்பாதை 2021ல் திறந்த பிறகு உச்சியில் பனித்தொல்லை குறைந்துவிட்டது. இப்போது வழி அடைபடுவது பெரும்பாலும் கீழே ராம்பன் பக்கம், மழையில் மலை சரிந்து. ஆகவே ராம்பனில் மழை எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். பலத்த மழை தெரிந்தால் கட்ராவிலிருந்து 2025 ஜூன் முதல் ஓடும் ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலில் இடம் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள், ஒரு பெரிய பனிப்பொழிவு முடிந்து வெயில் அடித்ததும் அஃபர்வத்தின் கட்டுப்பாடில்லாத சரிவுகளுக்கு ஓடாதீர்கள். புதுப் பனியும் காற்றும் சேர்ந்த அடுத்த ஓரிரு நாள்தான் ஆபத்து அதிகம். 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். பனிச்சரிவு எச்சரிக்கை மாவட்டப் பெயரோடும் உயரத்தோடும் வரும். குல்மார்க், தங்மார்க் இரண்டும் பாராமுல்லா மாவட்டம். '2,500 மீட்டருக்கு மேல்' என்று போட்டிருந்தால் குல்மார்க்கும் அதற்கு மேலே உள்ள எல்லாமும் அதில் அடங்கும், தங்மார்க் அடங்காது.