பிரஷர் உள்ளவர்கள் நடக்கும்போது இரத்தக்குழாய்க்குள் நடப்பது

'பிரஷர் இருக்கிறது, தினமும் நடங்கள்' என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். நடை எதைச் சரிசெய்கிறது என்று தெரிந்துகொண்டால், எப்படி நடப்பது என்பதும் தானாகவே தெளிவாகும்.

இரத்தக்குழாய்களின் உட்புறம் முழுவதும் எண்டோதீலியம் என்ற, ஒற்றை அடுக்குச் செல்களாலான மெல்லிய உறை இருக்கிறது. இரத்தம் அதை உரசிக்கொண்டு ஓடும்போது அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது. அந்த வாயு குழாய்ச்சுவரின் தசையைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்கிறது. (இதன் பணியைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.) உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இந்த வாயு போதிய அளவு கிடைக்காததால், குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல், நாளடைவில் விறைத்தும் போகிறது. வேகமாக நடக்கும்போது ஓட்டம் பெருகி உரசல் கூடுகிறது. வாரக்கணக்கில் இது தொடர்ந்தால், அந்த வாயுவைத் தயாரிக்கும் நொதி பெருகி, குழாய் மறுபடியும் விரியப் பழகுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடப்பதையே நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தொடங்குவதற்கு முன் ஒரு வாரம், காலையில் நாற்காலியில் சாய்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு இரத்த அழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். 180/110-ஐத் தொட்டாலோ, நெஞ்சுவலி இருந்தாலோ, மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

மெரினாவில் உழைப்பாளர் சிலைப் பக்கமோ, மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலோ, உடன் வருபவரிடம் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடங்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு எண்ணிக்கை சரியான அளவுகோல் ஆகாது. இந்தப் பேச்சுச் சோதனையே போதும். கத்திரி வெயில் காலத்தில் ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் விடியற்காலையிலேயே நடையை முடித்துவிடுவது நல்லது. கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சட்டென்று நின்று பெஞ்சில் உட்கார்ந்தால், விரிந்திருக்கும் குழாய்களில் இரத்தம் கால்பக்கம் தேங்கித் தலைசுற்றும்.

மழைநாளில் வீட்டிலேயே கைப்பிடிப் பயிற்சி செய்யலாம். சுருட்டிய துண்டை முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இரண்டு நிமிடம் இறுக்கிப் பிடித்துத் தளர்த்த வேண்டும். இடையில் ஓரிரு நிமிடம் ஓய்வு விட்டு நான்கு முறை போதும். மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும்.

இப்படித் தொடர்ந்து நடப்பவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 புள்ளிகள் வரை இறங்குகிறது. நிறுத்தினால் சில வாரங்களில் அந்தப் பலனும் போய்விடும். என் தந்தை, இரண்டு மாத நடையில் எண் இறங்கியதைக் கண்டு யாரையும் கேட்காமல் மாத்திரையை விட்டார். மூன்றாம் வாரம் பின்மண்டை வலிக்கிறது என்று படுத்தவருக்கு அளந்தபோது 172 காட்டியது. உங்கள் எண் இறங்கினால், எழுதி வைத்த தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்; மாத்திரையின் அளவைக் குறைப்பதை அவரே முடிவு செய்யட்டும்.