தக்காளி நாற்று: முதல் 25 நாள்

மாடியில் தக்காளி வைத்துக் கைவிட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வருகிறது. விதை நன்றாக முளைத்தது, ஒரு விரல் உயரம் வந்தது, பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டது. எனக்கும் முதல் முறை அப்படித்தான் ஆனது. அதனால் இங்கே நாற்றுப் பருவத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

பருவமும் விதையும்

சென்னைப் பக்கம் இருப்பவர்கள் அடைமழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியில் விதையுங்கள். தை பிறக்கும்போது நாற்று தயாராகிவிடும், மாசியில் பூக்கும். இரவு சற்றுக் குளிர்ந்திருந்தால்தான் தக்காளிப் பூ பிஞ்சாகும். சித்திரையில் செடி பசேலென்று நிற்கும், பூ மட்டும் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

கடையில் 'பெங்களூர்த் தக்காளி' என்று விற்பது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதையும் முளைக்கும், ஆனால் தாய்ச்செடி போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது. புளிப்பான நாட்டுத் தக்காளியை எடுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம் 1 விதை கிடைத்தால் இன்னும் நல்லது. அன்னஞ்சி என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து வந்த அது, மானாவாரியிலும் விளையக்கூடியது.

பழத்திலிருந்து எடுப்பதானால், நன்றாகக் கனிந்த பழத்தின் விதைகளைச் சாற்றோடு ஒரு டம்ளரில் வழித்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு நாள் வையுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறைதான் அதை முளைக்கவிடாமல் தடுக்கிறது. புளித்தால் அது கரைந்துவிடும். மூன்று நாளுக்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளை கிளம்பிவிடும். அலசும்போது மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதைத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

நாற்று

குழித்தட்டு இல்லாவிட்டால் அடியில் துளையிட்ட காகிதக் கப் போதும், கொட்டாங்குச்சியும் போதும். தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் முளைக்கும். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட்டுக் காலை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாள் தள்ளினாலும் தண்டு வெளுத்து, நூலாக நீண்டுவிடும்.

இனி தண்ணீர். முதல் ஆண்டு நான் காலையும் மாலையும் ஊற்றினேன். பன்னிரண்டாம் நாள் தண்டு மண்ணைத் தொடும் இடம் பழுப்பாகிச் சுருங்கியது; மூன்றே நாளில் இருபது நாற்றும் படுத்துவிட்டன. அதுதான் நாற்றழுகல். மண்ணிலுள்ள பூஞ்சணம் ஓயாத ஈரத்தில் பெருகுவதால் வருவது. வந்த பிறகு அந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. வராமல் பார்த்துக்கொள்வது எளிது: மேல்மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள், உலர்ந்திருந்தால் மட்டும், காலையில் மட்டும், தண்ணீர் விடுங்கள். தட்டை ஆழமில்லாத தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுவது இன்னும் நல்லது. விதைக்கும் முன் விதையில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சணம்) தூளைப் புரட்டிக்கொண்டால் கூடுதல் காவல்.

இரண்டும் முளைத்த குழியில் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும். கடைசி ஐந்து நாள் தண்ணீரைக் குறைத்து வெயிலைக் கூட்டினால் நாற்று உறுதிப்படும்.

பைக்கு மாற்றுதல்

25 நாள் ஆனதும், நான்கைந்து இலைகளோடு நிற்கும் நாற்றை மாலை நேரத்தில் மாற்றி நடுங்கள். குறைந்தது ஓரடி ஆழமுள்ள பை, அதில் செம்மண், நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் சம பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. பைக்கு ஒரே செடி. இரண்டு வைக்க ஆசை வரும், வேண்டாம்.

கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதிக்கு மேல் புதையுங்கள். கத்தரியை இப்படி ஆழமாக நடமாட்டோம். ஆனால் தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். குச்சியையும் அன்றே ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேர் அறுபடும்.

அதன் பிறகு

நட்ட ஒரு மாதத்தில் பூக்கும். காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். இலை சுருண்டு செடி குட்டையாக நின்றால் வெள்ளை ஈ பரப்பிய நச்சுயிரி நோய். அந்தச் செடியைத் தயங்காமல் அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

காயின் அடி கருத்துக் குழிந்தால் முட்டை ஓட்டைத் தேடி ஓட வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பையில் வளரும் செடிக்குப் பெரும்பாலும் மண்ணில் சத்து இல்லாமல் போவதில்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் வேர் அதை எடுத்துக் கொடுக்க முடிவதில்லை. தண்ணீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்த காய்கள் சரியாக வரும்.

நிறம் மாறத் தொடங்கியதும் பறித்துக் கூடத்தில் வைத்தாலே பழுக்கும். அணிலும் அதே பழத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நன்றாகக் காய்த்த செடியில் ஒரு பழத்தை மட்டும் வலைத்துணி கட்டிச் செடியிலேயே கனியவிடுங்கள். அடுத்த கார்த்திகைக்கு விதை அதிலிருந்துதான்.