காப்பர்-டி எடுக்கவோ மாற்றவோ போகிறவர்களுக்கு

கருத்தரிக்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் சிறு கருவியான காப்பர்-டியைப் பொருத்தியபோது கொடுத்த அட்டையை முதலில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்; தண்டையார்பேட்டையில் என் அண்ணி அதை ரேஷன் அட்டை உறைக்குள்ளேயே வைத்திருந்தார். அந்த அட்டையில் காப்பர்-டியின் வகை 380ஏ என்றிருந்தால் 10 ஆண்டு, 375 என்றிருந்தால் 5 ஆண்டு வரை பலன் தரும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் கிடையாது.

எடுப்பதற்குப் பெரும்பாலும் சில நிமிடங்களே ஆகும். மருத்துவர் கருவியால் பிறப்புறுப்பை விரித்துப் பார்த்து, கருப்பை வாயில் தெரியும் நூலை இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுக்கும்போது, காப்பர்-டியின் இரு கைகளும் மேல்நோக்கி மடங்கி வெளியே வந்துவிடும். அந்த நொடியில் மாதவிடாய் வலி போலச் சுருக்கென்று இழுக்கும், அவ்வளவுதான். பொருத்தும்போது பட்ட வலியை நினைத்து நாள் கடத்துவது தேவையற்றது என்பேன். நூல் தென்படாவிட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

கிருமித்தொற்றோ கர்ப்பமோ இல்லையெனில் அதே அமர்விலேயே புதியதைப் பொருத்திக்கொள்ளலாம். புதியது வேண்டாம், குழந்தையும் இப்போது வேண்டாம் என்பவர்கள், விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிருடன் இருக்கக்கூடும் என்பதால், எடுப்பதற்கு 7 நாள் முன்பிருந்தே ஆணுறை பயன்படுத்த வேண்டும். எடுத்தவுடனேயே கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடும்.

ஓரிரு நாள் லேசான இரத்தக்கசிவும் அடிவயிற்று வலியும் இருக்கலாம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அதிக உதிரப்போக்கு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.